தப்பான முடிவு எடுத்துவிடுவோமோ என்ற பயமில்லாமல் பால்டர்ஸ் கேட் 3 ஆடுவது எப்படி

வாங்கி மாதக்கணக்கில் ஆகியும் பால்டர்ஸ் கேட் 3-ஐத் திறக்காதவர்கள் நிறையப் பேர். திறந்தவர்களிலும் பலர் கேரக்டர் உருவாக்கும் திரையிலேயே நின்றுவிடுகிறார்கள். அதைத் தாண்டியவர்களில் சிலர் முதல் ஐந்து மணி நேரத்தையே மூன்று தடவை ஆடிவிட்டு, அலுத்துப்போய் மூடி வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் ஒரே காரணம்தான். நாலடிக்கு ஒரு இடத்தில் ஐந்தாறு பதில்களை நீட்டி "இப்போது என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்கிறது இந்த கேம். ஒன்றைத் தொட்டால் மற்றதெல்லாம் கைவிட்டுப் போய்விடுமே என்று பதற்றம் வந்துவிடுகிறது.

பெல்ஜியத்தின் லாரியன் ஸ்டூடியோஸ் உருவாக்கிய ரோல்-பிளேயிங் கேம் இது, ஒரு கேரக்டரை உருவாக்கி அவராகவே முடிவெடுத்துக் கதையை நடத்திப் போக வேண்டும். 2020 அக்டோபரில் முன்னோட்டப் பதிப்பு வந்தது. 2023 ஆகஸ்ட் 3 அன்று கணினிக்கு முழுப் பதிப்பு. அந்த ஆண்டு தி கேம் அவார்ட்ஸில் ஆண்டின் சிறந்த கேம் விருதும் இதற்குத்தான். வெளியாகும் முன்பே லாரியன் தரப்பிலிருந்து ஒரு எண் வந்து எல்லா இடத்திலும் பரவியது: முடிவில் 17,000 வேறுபாடுகள். விளம்பரத்துக்கு அது நல்ல எண். புதிதாக வருபவரை மிரட்டுவதற்கும் அதைவிட நல்ல எண் கிடைக்காது. உண்மையில் கதையின் பெரிய முடிவுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் யார் பிழைத்தார், யார் யாரோடு சேர்ந்தார், யார் எங்கே போனார் என்ற சின்ன வித்தியாசங்களைப் பெருக்கிப் பார்த்த கணக்கு. 16,999 கதைகளை இழக்கிறோம் என்று யாரும் வருந்த வேண்டியதில்லை.

கதையின் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வருவதைத் தவிர வேறு ஸ்பாய்லர் இதில் இல்லை. பயமில்லாமல் படிக்கலாம்.

1. எதைத் திருப்பலாம், எதைத் திருப்ப முடியாது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

புதியவர்கள் அதிகம் குழம்புவது எதில் என்று பார்த்தால், முக்கால்வாசி பிறகு மாற்றிக்கொள்ளக்கூடிய விஷயங்களில்தான். எந்த கிளாஸ் (வாள் வீரனா, மந்திரவாதியா என்ற வகை)? எந்தத் திறனுக்கு எத்தனை புள்ளி? எந்த ஸ்பெல் (மந்திரம்)? இதற்காக இரண்டு மணி நேரம் வீடியோ பார்க்கிறவர்கள் உண்டு. அத்தனையும் 100 தங்கக் காசு சமாச்சாரம்.

கதையின் தொடக்கத்தில் நீங்கள் வந்த கப்பல் விழுந்த கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு பாழடைந்த கட்டிடமும் அதன் அடியில் கல்லறையும் இருக்கும். அங்கே விதர்ஸ் என்று எலும்பும் தோலுமாக ஒருவர் இருக்கிறார். அவரைச் சந்தித்தபின், நீங்கள் இரவு தங்கும் கேம்ப்பிலேயே வந்து நின்றுகொள்வார். 100 தங்கம் கொடுத்தால் உங்கள் கிளாஸ், திறன் புள்ளிகள், ஸ்பெல்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதல் லெவலிலிருந்து மறுபடி தேர்ந்தெடுக்க விடுவார். சேர்த்த லெவல் எதுவும் குறையாது. உங்கள் தோழர்களுக்கும் இதே வசதி உண்டு. கல்லறையைக் கண்டுபிடிக்காமல் போய்விட்டால்? ஒன்றும் கெட்டுப்போகவில்லை, சில நாள் கழித்து அவரே கேம்ப்புக்கு வந்துவிடுவார். (கொடுத்த 100 தங்கத்தை அவர் பையிலிருந்தே திரும்பத் திருடிக்கொள்ளும் புண்ணியவான்களும் இருக்கிறார்கள்.)

முகம், முடி, குரல் பிடிக்கவில்லையா? கேம்ப்பில் ஒரு மாயக் கண்ணாடி இருக்கிறது, அதில் மாற்றிக்கொள்ளலாம். கஷ்ட நிலையை ஆடிக்கொண்டிருக்கும்போதே ஏற்றலாம், இறக்கலாம். ஆனர் மோட் என்ற மிகக் கடினமான நிலை மட்டும்தான் விதிவிலக்கு. கூட யாரை அழைத்துப் போவது என்பதும் நிரந்தர முடிவு கிடையாது. கூடவே நடக்கும் குழுவான பார்ட்டியில் உங்களையும் சேர்த்து நான்கு பேருக்குத்தான் இடம், மற்றவர்கள் கேம்ப்பில் இருப்பார்கள். போய்ப் பேசி ஆளை மாற்றிக்கொண்டால் ஆயிற்று. செத்துப்போன தோழரைக்கூட 200 தங்கத்துக்கு விதர்ஸ் எழுப்பிக் கொடுப்பார்.

திருப்ப முடியாதவை என்ன? உங்கள் இனம், எல்ஃபா, மனிதனா, டிராகன்பார்னா என்பது. சொந்த கேரக்டரா, கேமே தரும் ஆரிஜின் கேரக்டரா என்பது. அப்புறம், கதையில் நீங்கள் யாரைக் காப்பாற்றினீர்கள், யாரைக் கைவிட்டீர்கள், யாரைக் கொன்றீர்கள் என்பது. இந்தக் கடைசி வகைக்குத்தான் உங்கள் தயக்கத்தைச் சேமித்து வைக்க வேண்டும். முன்னால் சொன்னவற்றில் அதைச் செலவழிப்பது வீண்.

2. கேரக்டர் உருவாக்கத்தை அரை மணி நேரத்தில் முடியுங்கள்

கேம் விற்கும் தளமான ஸ்டீமில் வாங்குகிறவர்கள் கவனிக்க: வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குள் இருந்தால்தான் பணத்தைத் திரும்பக் கேட்க முடியும். மூக்கின் வளைவையும் கொம்பின் நிறத்தையும் சரிசெய்வதிலேயே அந்த இரண்டு மணி நேரத்தைத் தீர்த்தவர்கள் இருக்கிறார்கள். கேம் பிடிக்குமா என்று பார்க்கவே அவர்களுக்கு வாய்ப்பில்லை.

ஆரிஜின் கேரக்டர்கள் ஏழு பேர்: ஆஸ்டாரியன், லேஸெல், கேல், ஷேடோஹார்ட், வில், கார்லாக், டார்க் அர்ஜ். முதல் தடவை இவர்கள் யாரும் வேண்டாம் என்பது என் கட்சி. முதல் ஆறு பேரும் வழியில் உங்களுக்குத் தோழர்களாகக் கிடைக்கக்கூடியவர்கள். அவர்களாகவே ஆடினால், அவர்களிடம் இருக்கும் ரகசியத்தை வெளியிலிருந்து கண்டுபிடிக்கும் சுகம் போய்விடும். டார்க் அர்ஜ் அருமையான கதைதான். ஆனால் உங்களைக் கேட்காமலே உங்கள் கை சில காரியங்களைச் செய்துவிடும். முடிவெடுக்கப் பயப்படுகிறவருக்கு முதல் ஆட்டத்திலேயே அது எதற்கு? சொந்தமாக ஒரு கேரக்டரை உருவாக்குங்கள்.

கிளாஸ் 12 இருக்கின்றன. தயங்குகிறவர்களுக்கு நான் இரண்டுதான் சொல்வேன். பேச்சில் ஜெயிக்க ஆசை இருந்தால் வார்லாக்: நினைவில் வைக்க வேண்டிய ஸ்பெல்கள் குறைவு, செலவழித்த ஸ்பெல் சக்தி சின்ன ஓய்விலேயே திரும்பிவிடும், வசீகரம்தான் முக்கியத் திறன் என்பதால் உரையாடல்களில் கை ஓங்கும். வாளை எடுத்து வீசினால் போதும் என்றால் ஃபைட்டர். பாலடின் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் எடுத்த சத்தியத்தை மீறினால் சத்தியம் உடைந்துவிடும் என்று ஒரு கூடுதல் விதி தலைமேல் தொங்கும், ஏற்கெனவே இருக்கும் பதற்றத்துக்கு அது தேவையில்லை. திறன் புள்ளிகளை கேம் பரிந்துரைத்தபடியே விட்டுவிடுங்கள். மாற்றினால் கொஞ்சம் கூடக் கிடைக்கலாம், முதல் ஆட்டத்தில் அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

எல்லாம் முடித்தபின் "கார்டியன்" என்று இன்னொரு முகத்தையும் உருவாக்கச் சொல்லும். அது நீங்கள் அல்ல, கதையில் பின்னால் வரும் வேறொரு ஆள். பிடித்த முகம் ஒன்றை வைத்துவிட்டு நகருங்கள்.

கஷ்ட நிலை: இந்த கேமுக்கு அடிப்படையான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகள் தெரியாதவர் கூச்சப்படாமல் எக்ஸ்ப்ளோரர் என்ற எளிய நிலையில் தொடங்கலாம். சண்டை சப்பென்று இருந்தால் பாலன்ஸ்டுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். டாக்டிஷியன், ஆனர் மோட் பக்கம் இப்போது போகாதீர்கள். ஆனர் மோடில் ஒரே ஒரு சேவ்தான், பார்ட்டி மொத்தமும் விழுந்தால் அந்த ஆட்டமே தோல்விதான்.

3. உங்கள் ஆளைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்று அடம்பிடித்தால், இதைச் செய்யுங்கள். கேம் தொடங்கும் முன் ஒரு துண்டுத் தாளில் உங்கள் கேரக்டர் எப்படிப்பட்டவர் என்று ஒரு வரி, அதிகம் போனால் இரண்டு வரி. பிறந்த ஊர், வம்ச வரலாறு எல்லாம் வேண்டாம். எதைக் கண்டால் கோபம் வரும், எதற்கு இளகுவார், யாரை நம்ப மாட்டார், அவ்வளவுதான்.

உதாரணத்துக்கு இப்படி ஒன்று: "அடைபட்டுக் கிடப்பவரைப் பார்த்தால் முதலில் திறந்துவிடுவாள், கேள்வி அப்புறம். இனிக்க இனிக்கப் பேசுகிறவனை நம்ப மாட்டாள்."

இந்த வரியோடு கேமுக்குள் போவோம். கடற்கரையைத் தாண்டியதும் லேஸெல் மரத்தில் தொங்கும் ஒரு கூண்டில் மாட்டிக்கொண்டிருக்கிறாள். கீழே இரண்டு டீஃப்லிங்குகள் (கொம்புள்ள ஓர் இனத்தவர்) அவளைப் பயத்தோடு பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களைப் பேசி அனுப்பிவிடலாம், பொய் சொல்லலாம், சண்டை பிடிக்கலாம், "அவள் ஆபத்தானவள்தான்" என்று அவர்கள் பக்கமே சாயலாம். லேஸெல் நன்றி சொல்கிற ஜாதி அல்ல. கூண்டுக்குள் இருந்துகொண்டே உங்களை அதிகாரம் செய்வாள். வெறும் கையோடு வந்தவர் இங்கே ஐந்து நிமிடம் யோசிப்பார்: "இவளை விட்டால் பின்னால் சிக்கலா? டீஃப்லிங்குகளைப் பகைத்துக்கொண்டால் அவர்கள் ஊரில் விட மாட்டார்களோ?" ஒரு வரி எழுதியவருக்கு வேலை சுலபம். அடைபட்டுக் கிடக்கிறாள், திறக்க வேண்டியதுதான். எப்படித் திறப்பது என்பது மட்டும்தான் பாக்கி. கூண்டின் அடிப்பலகையை அம்பால் அடித்தால்கூட அவள் கீழே வந்துவிடுவாள்.

சற்றுத் தூரத்தில் ஆஸ்டாரியன். புதருக்குள் ஏதோ ஜந்து ஒளிந்திருக்கிறது, உதவுங்கள் என்று நயமாகக் கூப்பிடுவான். பக்கத்தில் போனால் கழுத்தில் கத்தி. நம் ஆளுக்கு இனிக்கப் பேசுகிறவன் ஆகாது என்று எழுதியிருக்கிறோமே! அவள் முட்டித் தள்ளுவாளா, பேச விட்டுப் பார்ப்பாளா, பிறகு கூட அழைத்துக்கொள்வாளா, துரத்திவிடுவாளா? இந்தக் கேள்விக்குச் சரியான பதில் என்று ஒன்று கேமில் எழுதி வைக்கப்படவில்லை. அவனைச் சேர்த்துக்கொண்டால் ஒரு கதை, சேர்க்காவிட்டால் அந்தக் கதை இல்லாத இன்னொரு கதை. எது நடந்தாலும் உங்கள் பயணம் நிற்காது.

பத்து மணி நேரம் ஆடியபின் அந்த வரி பொருந்தாமல் போகலாம். அடித்துவிட்டு வேறு எழுதுங்கள். இனிக்கப் பேசியவனிடம் ஏமாந்துபோய் அவனையே காதலிக்கத் தொடங்கிவிட்டாள் என்றால் இன்னும் நல்லது, உங்கள் ஆளுக்கு உயிர் வந்துவிட்டது.

4. பகடையோடு சமாதானம் செய்துகொள்ளுங்கள்

திரை நடுவில் 20 முகப் பகடை ஒன்று உருளும்போது பலருக்கு அடிவயிறு கலங்கும். கணக்கு தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு இலக்கு எண் உண்டு. பகடையில் விழுவதோடு உங்கள் கூட்டல்களைச் சேர்த்து அந்த எண்ணை எட்ட வேண்டும். லெவல் 1-ல், பேச்சில் பயிற்சி உள்ள கேரக்டருக்குப் பயிற்சிக்காக +2, வசீகரம் 16 இருந்தால் +3, ஆக +5. இலக்கு 15 என்றால் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும்: 55 சதவீத வாய்ப்பு. அதே இடத்தில் பயிற்சியும் வசீகரமும் இல்லாத ஆள் பேசினால் 15 விழ வேண்டும், வாய்ப்பு 30 சதவீதம்தான். அதனால்தான் ஊருக்குள் நுழையும்போதும் புதியவர்களை அணுகும்போதும் வாய்ச்சாலக் கேரக்டரை முன்னால் நடக்க விடுங்கள் என்கிறார்கள். யார் பேச்சைத் தொடங்குகிறாரோ அவருடைய எண்கள்தான் கணக்கில் வரும்.

அந்த 55-ஐ ஏற்றவும் வழி இருக்கிறது. கிளெரிக்குகளுக்கு (தெய்வத்தின் பேரில் மந்திரம் போடும் கிளாஸ்) கிடைக்கும் கைடன்ஸ் என்ற சின்ன ஸ்பெல் 1 முதல் 4 வரை ஏதோ ஒன்றைக் கூட்டித் தரும். பகடைத் திரையிலேயே பக்கத்தில் நிற்கும் தோழரின் உதவியாக அதைச் சேர்த்துக்கொள்ளலாம். ஷேடோஹார்ட் கிளெரிக், கடற்கரையிலேயே கிடைத்துவிடுவாள். கைடன்ஸோடு 55 சதவீதம் ஏறக்குறைய 67 ஆகிறது. "அட்வான்டேஜ்" கிடைத்தால் இரண்டு பகடை உருண்டு பெரியது எடுத்துக்கொள்ளப்படும், அப்போது 80 சதவீதத்தைத் தொட்டுவிடும். இவை தவிர இன்ஸ்பிரேஷன் புள்ளிகள், கையில் நான்கு வரை வைத்திருக்கலாம். தோற்ற பகடையை மறுபடி உருட்ட ஒன்றைச் செலவழிக்கலாம். அதைக் கஞ்சத்தனமாகப் பூட்டி வைக்காதீர்கள். நான்குக்கு மேல் சேர இடமில்லை.

நேராக 20 விழுந்தால் எப்படியும் வெற்றி, 1 விழுந்தால் எவ்வளவு கூட்டல் இருந்தாலும் தோல்வி. ஆகவே எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் இருபதில் ஒரு தடவை மண்ணைக் கவ்வத்தான் வேண்டும். தொடர்ந்து கெட்ட எண்களாகவே விழுந்து வெறுப்பேற்றாமல் இருக்க கார்மிக் டைஸ் என்ற அமைப்பு ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும், அதைத் தொட வேண்டாம்.

தோற்றால் என்ன ஆகும்? பெரும்பாலும் வேறு வழி திறக்கும். பேச்சு பலிக்காத காவலாளியைத் தாண்ட இன்னொரு பாதை இருக்கும், பூட்டு திறக்காத கதவை உடைக்கலாம், சண்டை வந்தால் அதிலிருந்து ஓடிப்போகவும் முடியும். சில இடங்களில் தோல்வி உண்மையிலேயே வலிக்கும், ஒரு நல்ல ஆள் செத்துப்போவார். அதைச் சமாளிப்பது பற்றி அடுத்த படியில்.

தோல்வியே ரசிக்கத்தக்கதாக இருக்க முடியுமா என்று சந்தேகம் இருந்தால், 2019-ல் வந்த டிஸ்கோ எலிசியம் என்ற இன்னொரு கேமை ஒரு மாலை ஆடிப் பாருங்கள். அங்கே வெள்ளைச் சோதனையில் தோற்றால் அந்தத் திறனை ஏற்றிவிட்டு மறுபடி முயலலாம், சிவப்புச் சோதனைக்கு ஒரே வாய்ப்பு. தோற்றால் வரும் வசனங்கள் பல இடங்களில் ஜெயித்தால் வருபவற்றைவிடச் சிரிப்பை வரவழைக்கும். உடல் வலு இல்லாத கேரக்டரை எடுத்தால் விளக்கைப் போட்ட அதிர்ச்சியிலேயே ஆள் காலி ஆகலாம். அதை ஆடிவிட்டு இங்கே வந்தால் பகடை மேல் இருக்கும் பயம் தெளிந்திருக்கும்.

5. சேவுக்கு உங்களுக்கென்று ஒரு சட்டம்

கணினியில் எஃப்5 அழுத்தினால் உடனடி சேவ், எஃப்8 அழுத்தினால் கடைசியாகச் செய்த உடனடி சேவ் திரும்ப வரும். இந்த இரண்டு விசைதான் தயக்கத்துக்கு மருந்தும், அளவு மீறினால் விஷமும். ஒவ்வொரு பதிலையும் சொல்லிப் பார்த்து, விளைவைப் பார்த்து, எஃப்8 அடித்து, அடுத்ததைச் சொல்லிப் பார்க்கிறவர்கள் கதையை வாழ்வதில்லை. விடைத்தாள் திருத்துகிறார்கள்.

நான் புதியவர்களுக்குச் சொல்வது இது. வசனத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு சொல்லிவிட்டீர்கள், தெரியாமல் கை பட்டு வணிகரை அடித்துவிட்டீர்கள், திருட வேண்டும் என்று நினைக்காமலே எதையோ எடுத்து ஊரே துரத்துகிறது: தாராளமாக லோட் செய்யுங்கள். உங்கள் ஆள் செய்ய நினைத்தது நடக்கவில்லை, விரல் செய்த கோளாறு அது. ஆனால் நினைத்ததைச் செய்து பகடை கைவிட்டுவிட்டது என்றால் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு குறைந்தது அரை மணி நேரமாவது தொடருங்கள். அதற்குப் பிறகும் மனம் ஆறவில்லை என்றால் திரும்பிப் போகலாம், யாரும் கேட்கப்போவதில்லை. அரை மணி நேரம் கழித்துத் திரும்பிப் போக மனம் வருவது அரிது, அதற்குள் புதிதாக ஏதாவது நடந்திருக்கும்.

கூடவே ஒவ்வொரு புதிய பகுதிக்குள் நுழையும்போதும் பெயர் வைத்துத் தனியாக ஒரு சேவ் செய்து வையுங்கள். பயன்படுத்த மாட்டீர்கள், ஆனால் இருக்கிறது என்ற தைரியம் வேண்டும்.

6. அவசரம் என்று கதை சொல்வதை அப்படியே நம்பாதீர்கள்

தலைக்குள் ஒரு புழு இருக்கிறது, சீக்கிரம் தீர்வு காணாவிட்டால் நீங்களே அரக்கனாக மாறிவிடுவீர்கள் என்று தொடக்கத்திலேயே பயமுறுத்துவார்கள். அதை நம்பி, தூங்கினால் நாள் போய்விடும் என்று, உயிர் பாதி ஸ்பெல் காலி என்ற நிலையிலேயே சண்டைக்குச் சண்டை தள்ளாடிப் போகிறார்கள் புதியவர்கள். அப்புறம் "கேம் ரொம்பக் கஷ்டம்" என்கிறார்கள்.

பின்னால் அப்படி ஒரு கடிகாரம் ஓடவில்லை. நீங்கள் எத்தனை இரவு தூங்கினாலும் புழு உங்களை மாற்றிவிடாது. சொல்லப்போனால் தூங்காதவர்களுக்குத்தான் நஷ்டம், ஏனென்றால் தோழர்கள் மனம் விட்டுப் பேசும் காட்சிகள் பெரும்பாலும் இரவு கேம்ப்பில்தான் வருகின்றன. ஒரு நீண்ட ஓய்வுக்கு 40 உணவுப் பொருள் புள்ளிகள் வேண்டும், பெட்டிகளையும் பீப்பாய்களையும் திறந்து பார்க்கிறவருக்கு அது தாராளமாகச் சேரும். ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்தால் எடுக்கக்கூடிய பொருள்களின் பெயர் மின்னும். இடையே இரண்டு சின்ன ஓய்வுகள் இலவசம்.

விதிவிலக்கு சில உண்டு. கண்ணெதிரே கட்டிடம் எரிந்துகொண்டிருக்கிறது, உள்ளே ஆள் கத்துகிறார் என்றால் அதைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். எழுந்து வரும்போது சாம்பல்தான் இருக்கும். பொதுவாக, இந்த நொடி ஆபத்து என்று கண்ணுக்குத் தெரிகிறதோ அதற்கு உடனே போங்கள். வாயால் மட்டும் அவசரம் என்கிறார்களோ, தூங்கிவிட்டுப் போகலாம்.

உரையாடலிலும் கடிகாரம் கிடையாது. பதில்களை எத்தனை நேரம் வேண்டுமானாலும் படிக்கலாம், எதிரில் இருப்பவர் பொறுமையாக நின்றுகொண்டே இருப்பார். சண்டையும் முறை வைத்து நடப்பதுதான், தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வந்து வாளை வீசலாம்.

7. எல்லோரையும் திருப்திப்படுத்தப் பார்க்காதீர்கள்

திரையின் ஓரத்தில் "லேஸெல் இதை ஆதரிக்கவில்லை" என்று வந்தவுடன் சிலருக்கு முகம் வாடிவிடுகிறது. ஆறு தோழர்களும் ஆறு திசை. பலன் எதிர்பார்க்காமல் ஒருவருக்கு உதவினால் வில்லுக்கும் கார்லாக்குக்கும் பிடிக்கும், ஆஸ்டாரியன் முகம் சுளிப்பான். அவனுக்குப் பிடித்ததைச் செய்தால் மற்றவர்கள் முறைப்பார்கள். எல்லோருக்கும் நல்லவராக இருக்கப் பார்த்தால் யாருடனும் நெருக்கம் வராமல் போய்விடும்.

பெரிய கொடுமை ஏதும் செய்யாதவரை, ஒரு தடவை பிடிக்காமல் போனால் யாரும் கோபித்துக்கொண்டு போய்விட மாட்டார்கள். அது கூடிக் குறைந்து சமன் ஆகிக்கொண்டே இருக்கும். ஏதோ ஒரு காரியத்தை ஒருவர் முன்னால் செய்ய மனம் ஒப்பவில்லை என்றால், அன்றைக்கு அவரைக் கேம்ப்பில் விட்டுவிட்டுப் போங்கள். அரசியல்தான், ஆனால் வேலை செய்யும்.

கொல்ல மனம் வராதவர்களுக்கு ஒரு வசதி: உயிர் போகாமல் மயக்கமடையச் செய்யும் தாக்குதலை இயக்கிக்கொள்ளலாம். கைக்கெட்டும் தூரத்தில் அடிக்கும் அடிக்குத்தான் அது பொருந்தும், அம்புக்கும் ஸ்பெல்லுக்கும் பொருந்தாது. யாரையாவது கொன்றுவிட்டு "இறந்தவரோடு பேசு" ஸ்பெல்லால் ரகசியத்தைக் கறக்கலாம் என்று திட்டம் போடுகிறவர்களுக்கு இன்னொரு தகவல்: பிணம் தன்னைக் கொன்றவரை அடையாளம் கண்டுகொள்ளும், அவரோடு பேச மறுத்துவிடும்.

8. தேடுவதானால் "எப்படி" என்று தேடுங்கள், "என்ன ஆகும்" என்று தேடாதீர்கள்

வழிகாட்டிகளையே தொடாதீர்கள் என்று சொல்கிற கண்டிப்புக்காரன் அல்ல நான். ஒரு ஸ்பெல் எப்படி வேலை செய்கிறது, உயரத்தில் நின்று அம்பு விட்டால் என்ன லாபம் (குறி தவறாமல் இருக்க +2), பொருளைக் கேம்ப்புக்கு எப்படி அனுப்புவது, இதெல்லாம் தாராளமாகப் பார்க்கலாம். ஸ்க்ரோல்களை (ஸ்பெல் எழுதிய சுருள்கள்) எந்த கிளாஸும் படித்துப் பயன்படுத்தலாம் என்பது மாதிரி விஷயம் தெரியாமல் 40 ஸ்க்ரோல்களைச் சுமந்து திரிவதில் என்ன பெருமை?

ஆனால் "இவரைக் காப்பாற்றினால் பின்னால் என்ன கிடைக்கும்" என்று தேடிய நொடியில் அந்த முடிவு உங்களுடையதாக இருக்காது. பரிசுப் பட்டியலைப் பார்த்து மனசாட்சியைத் தீர்மானிக்கிற நிலைமை வந்துவிடும். இன்னொரு ஆபத்து, ஒரு பதிலைத் தேடப்போய் அடுத்த 30 மணி நேரக் கதையையும் படித்துவிட்டு வருவது.

எதையாவது விட்டுவிடுவோமோ என்ற கவலைக்கு கேமே ஒரு உதவி செய்கிறது. ஒரு பெரிய பகுதியை விட்டுப் போகும் முன், முடிக்க வேண்டியதை முடித்துக்கொள் என்று எச்சரிக்கைப் பெட்டி ஒன்று வரும். அது வந்தால் "இல்லை" கொடுத்துவிட்டு, குறிப்பேட்டைத் திறந்து பாதியில் நிற்கும் வேலைகளைப் பாருங்கள். உங்களுக்கு ஆர்வம் இருப்பதை முடியுங்கள். ஆர்வமில்லாததை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

9. மறுபடி முதலிலிருந்து தொடங்கும் அரிப்பு

லெவல் 4, 5 வரும்போது எல்லோருக்கும் ஒரு எண்ணம் வரும்: "இப்போதுதான் எனக்கு விதிகள் புரிந்தன, புது கேரக்டரோடு சுத்தமாகத் தொடங்கினால் என்ன?" வேண்டாம். முதல் கட்டத்தையே திரும்பத் திரும்ப ஆடி, அடுத்த இரண்டு கட்டங்களையும் பார்க்காமலே அலுத்துப்போகிறவர்கள் கூட்டம் இப்படித்தான் உருவாகிறது. கிளாஸ் பிடிக்கவில்லை என்றால் 100 தங்கத்தோடு விதர்ஸிடம் போங்கள். முகம் பிடிக்கவில்லை என்றால் கண்ணாடி. கதையில் எடுத்த முடிவு உறுத்துகிறது என்றால் உறுத்தட்டும், அந்தக் கேரக்டருக்கும் உறுத்துவதாக வைத்துக்கொண்டு அடுத்த முடிவை அதிலிருந்து எடுங்கள். தவிர, லெவல் 5-ல் ஆட்டமே மாறுகிறது. ஃபைட்டர் ஒரே முறையில் இரண்டு தடவை அடிப்பார், மந்திரவாதிகளுக்கு ஃபயர்பால் கிடைக்கும். அதைத் தொடாமல் திரும்பிப் போவது சாப்பாட்டுக்கு உட்கார்ந்து இலையை மட்டும் துடைத்துவிட்டு எழுந்து போவது மாதிரி.

முழுவதும் முடிக்க நிதானமாக ஆடினால் 70, 80 மணி நேரத்துக்கு மேல் போகும். நடுவில் வேலை வந்து ஒரு மாதம் நிறுத்தும்படி ஆகலாம். திரும்பி வரும்போது யார் யார், எங்கே போய்க்கொண்டிருந்தோம் என்று ஒன்றும் நினைவிருக்காது, அந்தக் குழப்பத்திலேயே பலர் புது கேம் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக நேரே கேம்ப்புக்குப் போங்கள். யார் தலைமேல் ஆச்சரியக்குறி நிற்கிறதோ அவரிடம் பேசுங்கள், குறிப்பேட்டில் கடைசி நாலைந்து பதிவுகளைப் படியுங்கள், ஒரு நீண்ட ஓய்வு எடுங்கள். மறுநாள் காலை கதைக்குள் எழுந்துவிடலாம்.